படமும் சொல்லும்

படம் போட்ட புத்தகம் குழந்தைகளுக்கு, படமில்லாத புத்தகம் பெரியவர்களுக்கு என்று நாம் ஒரு பாகுபாடு செய்து வைத்திருக்கிறோம். படிப்பு ஏற ஏறப் படம் குறைய வேண்டும் என்பது எழுதப்படாத விதி. முதல் வகுப்பில் பக்கத்துக்கு ஒரு படம் இருக்கும். கல்லூரிக்குப் போகிற வயதில் படம் என்பது கொஞ்சம் கௌரவக் குறைவான விஷயமாகிவிடும். நாவல் படிக்கிறவர்களிடையேயும் இந்த எண்ணம் பலமாக உண்டு. நல்ல நாவலுக்குப் படம் எதற்கு என்று கேட்பவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். நாவல் எழுதுகிறவன் என்கிற முறையில் எனக்கும் சொல்லின் பக்கம் சாய்வு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல் ஒன்றுதானே எங்கள் முதல்!

ஆனால் ரஸிப்பது வேறு, ஞாபகம் வைத்துக்கொள்வது வேறு. படித்ததை மனத்தில் இருத்தும் காரியத்தில் சொல் தன்னந்தனியாக நின்று எவ்வளவு தூரம் தாங்கும்? இந்தக் கேள்வியைச் சிரத்தையுடன் கேட்டு, பதிலாக ஒரு புத்தகத்தையே செய்து வைத்துவிட்டுப் போனவர் யான் ஆமோஸ் கொமேனியஸ். 1658-ல் நூரம்பெர்க் நகரில் லத்தீனும் ஜெர்மனும் சேர்ந்து அச்சான அந்தப் புத்தகத்தின் பெயர் 'ஓர்பிஸ் சென்சுவாலியும் பிக்டுஸ்'. புலன்களுக்கு எட்டும் உலகம், படங்களில் என்று தமிழில் அர்த்தம் சொல்லலாம். உலகத்தின் முதல் படப் பாடப்புத்தகம் என்று கல்வி சரித்திரம் எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பெயர் சொல்கிறவர்கள் அதிகம், புரட்டிப் பார்த்தவர்கள் குறைவு என்கிற கதி பல நல்ல புத்தகங்களுக்கு நேர்வதுதான். எனக்கு அதை ஒரு இலக்கியப் புத்தகத்தைப் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

கொமேனியஸ் 1592-ல் மொராவியாவில் பிறந்தவர். பாதிரியார், தம்முடைய சிறிய சபைக்குப் பின்னால் பிஷப்பும் ஆனவர். மதச் சண்டையில் தோற்ற பக்கத்தைச் சேர்ந்தவர். இளம் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்து, 1628-ல் தாய்நாட்டை விட்டு வெளியேறி, போலந்தில் லெஷ்னோ என்ற ஊரில் தஞ்சம் புகுந்தார். 1656-ல் அந்த ஊரும் எரிந்தது. நாற்பது வருஷத்துக்கும் மேலாக அவர் சேர்த்து வைத்திருந்த செக் மொழி அகராதியின் கையெழுத்துப் பிரதி அந்தத் தீயில் போயிற்று. சொற்களைச் சேர்ப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஒருவருக்கு இது எப்பேர்ப்பட்ட அடி என்று நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டு வருஷம் கழித்து வந்தது படப் புத்தகம். தீக்கு முன்பே, ஹங்கேரியில் சாரோஷ்பட்டாக் பள்ளிக்கூடத்தில் 1650 முதல் 1654 வரை இருந்தபோதே தயார் செய்தது அது. ஆகவே அகராதி எரிந்த துக்கத்தில் பிறந்தது என்று கதை கட்ட இடமில்லை. நாவலாசிரியனுக்கு அது ஏமாற்றம்தான்!

படத்துக்கு அவர் வந்து சேர்ந்த வழி சுவாரசியமானது. 1631-ல் லத்தீன் கற்பதற்கு ஒரு புத்தகம் எழுதினார். சுமார் 8000 சொற்களை 1000 வாக்கியங்களில் அடக்கிய புத்தகம். ஐரோப்பா முழுவதும் அதற்கு அமோகமான வரவேற்பு. வேறொருவராயிருந்தால் அந்தப் புகழோடு திருப்திப்பட்டிருப்பார். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருந்தது. வாக்கியத்தை மனப்பாடம் செய்த பையனுக்குச் சொல் வந்துவிடும். அந்தச் சொல் குறிக்கிற பொருள் வராது. கலப்பைக்கு லத்தீனில் என்ன என்று கேட்டால் சொல்லுவான்; கலப்பையில் எந்தப் பாகத்துக்கு எந்தப் பெயர் என்றால் விழிப்பான். கிளிப்பிள்ளைப் பாடத்துக்கும் படிப்புக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியில்தான் கொமேனியஸ் படத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

புத்தகத்தின் ஆரம்பத்திலேயே ஒரு எழுத்துப் பாடம் இருக்கிறது. புத்தகம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பிராணி அல்லது சத்தம் போடும் ஏதாவது ஒன்று. 'ஆ' என்ற ஓசைக்குக் காக்கை. ஏன் காக்கை? லத்தீனில் காக்கைக்குப் பெயர் ஆகாரத்தில் தொடங்குகிறது என்பதற்காக அல்ல. காக்கை 'ஆ, ஆ' என்று கத்துகிறது என்பதற்காக. 'பே' என்பதற்கு ஆட்டுக்குட்டி. அது அப்படித்தானே கத்துகிறது! நம்முடைய அரிச்சுவடியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அ என்றால் அணில், ஆ என்றால் ஆடு, இ என்றால் இலை. படத்தைப் பார்த்த குழந்தை முதலில் அணிலின் பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயரின் முதல் ஓசையைத் தனியாக உரித்தெடுக்க வேண்டும். அதைப் பக்கத்திலுள்ள எழுத்தோடு சேர்க்க வேண்டும். மூன்று படி. கொமேனியஸின் காக்கையிலோ ஒரே படி. பறவை வாயைத் திறக்கிறது, எழுத்து வெளியே வருகிறது.

நம் அரிச்சுவடியில் இலையின் படத்தைப் பார்த்துக் குழந்தை 'செடி' என்று சொன்னால் இகரம் போய்விட்டது. ஔகாரத்துக்கு ஔவையார் படம். கோலூன்றிய கிழவியைப் பார்த்து எந்தக் குழந்தையும் 'பாட்டி' என்றுதான் சொல்லும். அது தப்பே இல்லை. தப்பு, படம் தானாகப் பேசிவிடும் என்று நினைத்தவர்களுடையது. எஃகுக்கு என்ன படம் போடுவது என்று ஓவியர்கள் பட்ட பாடு தனிக் கதை. ஒரு படத்துக்கு ஆயிரம் பெயர் சொல்லலாம். அதில் எது நமக்கு வேண்டும் என்று கட்டுவது சொல்தான். சொல்லுக்குப் படம் துணை என்று எல்லாரும் சொல்லுகிறோம். படத்துக்குச் சொல் எவ்வளவு அவசியம் என்பதை ஏனோ யோசிப்பதில்லை.

கொமேனியஸ் அதை யோசித்தவர். புத்தகத்தின் 150 பாடங்களிலும் ஒரே அமைப்பு. மேலே ஒரு மரச்செதுக்குப் படம்; கீழே இரண்டு மொழியில் பாடம். படத்திலுள்ள ஒவ்வொரு பொருளின் மீதும் ஒரு சின்ன எண். பாடத்தில் அந்தப் பொருளின் பெயருக்குப் பக்கத்தில் அதே எண். ரொட்டி சுடும் பாடத்தைப் பாருங்கள். சல்லடைக்கு ஒரு எண். மாவு பிசையும் தொட்டிக்கு ஒன்று. அடுப்பின் வாய்க்கு ஒன்று. ரொட்டியை உள்ளே தள்ளும் நீண்ட கைப்பிடித் துடுப்புக்கு ஒன்று. பையன் எண்ணைப் பிடித்துக்கொண்டு படத்துக்கும் பாடத்துக்கும் போய்ப் போய் வருகிறான். நாலு தரம் போய்வந்தால் ரொட்டிக்கடை முழுவதும் அவனுக்குச் சொந்தமாகிவிடும்.

இந்த எண்தான் புத்தகத்தின் உயிர் என்பது என் அபிப்பிராயம். படங்கள் சுமாரானவை. மனிதர்கள் விறைப்பாக நிற்கிறார்கள். தூரத்தில் இருப்பதும் கிட்டத்தில் இருப்பதும் சில இடங்களில் ஒரே அளவாக இருக்கின்றன. வாக்கியங்களும் அழகானவை அல்ல. பொருட்களின் ஜாபிதாவுக்கு வினைச்சொல் சேர்த்தமாதிரி இருக்கும். இரண்டும் தனித்தனியாகச் சுமார், சேர்ந்தால் பிரமாதம் என்று சொல்ல வைப்பது அந்தச் சின்ன எண். பள்ளிக்கூடத்தைப் பற்றிய பாடத்தில் ஆசிரியர் நாற்காலிக்கு ஒரு எண், மாணவர் பெஞ்சுக்கு ஒரு எண். பேசிக்கொண்டு அசட்டையாக இருக்கும் பையன்கள் அடி வாங்குகிறார்கள், அவர்களை அடிக்கும் பிரம்புக்கும் ஒரு எண்! குழந்தைகளிடம் அன்பு காட்டிய மனிதர், பள்ளிக்கூடத்தில் உள்ளது எதையும் ஒளித்து வைக்கவில்லை. நகரத்தை முற்றுகை இடுவது, குற்றவாளிகளைத் தண்டிப்பது எல்லாமே பாடங்களாக இருக்கின்றன. ஊர் ஊராக அலைந்தவருக்கு அவையும் கண்ணால் காணும் உலகத்தைச் சேர்ந்தவைதான் போலிருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாதவற்றை என்ன செய்வது? இங்கேதான் புத்தகம் தடுமாறுகிறது. ஆத்மாவைப் பற்றி ஒரு பாடம். படத்தில், விரித்துத் தொங்கவிட்ட துணிபோன்ற ஒன்றின்மேல் வெறும் புள்ளிகளால் ஒரு மனித உருவம். உள்ளே ஒன்றுமில்லை. இதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. எனக்குக் கேலி செய்யத் தோன்றவில்லை. இதைப் படமாக எழுத முடியாது என்பதையே படமாக எழுதிவிட்ட தைரியம் அதில் இருக்கிறது. ஆனால் ஒழுக்கங்களைப் பற்றிய பாடங்களில் அந்தத் தைரியம் இல்லை. ஒவ்வொரு குணமும் கையில் ஏதோ சாமானுடன் ஒரு பெண்ணாக வந்து நிற்கிறது. எந்தப் பெண் எந்தக் குணம் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. எண்ணைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இங்கே படம் ஞாபகத்துக்கு உதவுவதற்குப் பதிலாகத் தானே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய இன்னொரு விஷயமாகிவிடுகிறது. புலன்களைப் பற்றிய பாடத்தில் ஞாபகமும் வருகிறது. தலையின் பின்புறத்தில் அது இருப்பதாக அந்தக் காலத்து நம்பிக்கைப்படி சொல்லி நகர்ந்துவிடுகிறார். இவ்வளவு பாடுபட்டது எதற்காகவோ அதைப் பற்றி அதற்கு மேல் அதிகம் இல்லை.

ஞாபகத்துக்குப் படம் உதவும் என்பது கொமேனியஸ் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. பழைய ரோமாபுரிப் பேச்சாளர்கள் தெரிந்த வீடு ஒன்றை மனத்தில் நினைத்துக்கொண்டு, பேச வேண்டிய ஒவ்வொரு விஷயத்தையும் ஒரு விசித்திரமான படமாக்கி, வீட்டின் ஒவ்வொரு மூலையில் ஒவ்வொன்றாக வைத்துவிட்டு வருவார்களாம். மேடையில் ஏறியதும் வீட்டுக்குள் நடந்து ஒவ்வொன்றாக எடுப்பார்கள். 1966-ல் பிரான்ஸிஸ் யேட்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி இந்தக் கலையின் சரித்திரத்தை ஒரு பெரிய புத்தகமாகவே எழுதினார். ஆனால் அந்தப் படங்கள் அவரவர் தலைக்குள் இருந்த படங்கள். அவற்றை வெளியே எடுத்து, அச்சடித்து, எண் போட்டு, ஏழைப் பையனுக்கும் கிடைக்கும்படி செய்ததுதான் கொமேனியஸ் செய்த காரியம். நம் பக்கத்திலே நிலைமை வேறு. ஓலையில் பெரும்பாலும் எழுத்து மட்டுமே. ஞாபகத்தின் பாரம் முழுவதும் காதின் மேல். எதுகையும் மோனையும் அந்தாதியும் அதற்காகவே பாடுபட்டன. ஆத்திசூடி அகர வரிசையில் ஓடுவது அழகுக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு வரி மறந்தால் அடுத்த எழுத்து வந்து கையைப் பிடித்துக்கொள்ளும். ஒரே இழைதான், ஆனால் முறுக்கேறிய இழை.

இரண்டு இழை என்கிற பேச்சை மனோதத்துவத்தில் கொண்டுவந்தவர் கனடாவில் ஆலன் பைவியோ. 1948-ல் 'மிஸ்டர் கனடா' பட்டம் வாங்கிய கட்டுடல்காரர் அவர் என்பது இந்தக் கட்டுரைக்கு அவசியமில்லாத செய்தி. இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1971-ல் வெளிவந்த தம் நூலில் அவர் சொன்னதன் சாரம் இது: சொல் மனத்தில் ஒரு வழியாகவும் படம் வேறொரு வழியாகவும் பதிகின்றன, இரண்டாகவும் பதிந்த விஷயத்தில் ஒன்று நழுவினாலும் மற்றது மீட்டுக் கொடுக்கும். 'மேஜை' என்கிற சொல் 'நியாயம்' என்கிற சொல்லைவிடச் சுலபமாக ஞாபகத்தில் நிற்பதற்கு அவர் கொடுக்கும் காரணமும் அதுவே. மேஜையைச் சொன்னவுடன் மேஜை தெரிகிறது. நியாயத்தைச் சொன்னால் என்ன தெரியும்? கொமேனியஸின் குணப் பெண்கள் தோற்ற இடமும் அதுதான்.

1973-ல் லயனல் ஸ்டாண்டிங் என்பவர் 10,000 படங்களை ஐந்து நாளில் சிலருக்குக் காட்டி, பிறகு புதுப் படங்களோடு ஜோடி ஜோடியாகச் சேர்த்து, முன்னே பார்த்தது எது என்று கேட்டார். ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் சரியாகச் சொன்னார்களாம். மலைக்க வைக்கும் கணக்குத்தான். ஆனால் 'முன்னே பார்த்தது' என்று அடையாளம் காட்டுவது வேறு. பார்த்ததன் பெயரையும் பாகத்தையும் காரணத்தையும் சொல்வது வேறு. பரீட்சையில் கேட்பது இரண்டாவதை. வாழ்க்கையிலும் அநேகமாக இரண்டாவதைத்தான்.

இன்னொரு சோதனை இதைவிட முக்கியமானது என்று நினைக்கிறேன். ரிச்சர்ட் மேயர் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் கூட இருந்தவர்களும் மின்னல் எப்படி உண்டாகிறது என்று விளக்கும் ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டார்கள். ஒரு கூட்டத்துக்கு வெறும் பாடமும் அதற்கான படமும். இன்னொரு கூட்டத்துக்கு அதோடு மின்னல் தாக்கியவர்களைப் பற்றிய சுவையான செய்திகளும் அவற்றுக்கான படங்களும். சுவையைச் சேர்த்த பாடத்தைப் படித்தவர்கள்தான் பாடத்தைக் குறைவாக ஞாபகம் வைத்திருந்தார்கள். கேட்டபோது எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. சுவையான செய்தியைச் செருகுவதுதானே நாவலாசிரியன் பிழைப்பு! ஆனால் விஷயம் விளங்கியது. அந்தப் படங்கள் மின்னலைப் பற்றியவையே தவிர, மின்னல் உண்டாகும் விதத்தைப் பற்றியவை அல்ல. பாடத்தின் எந்தச் சொல்லோடும் அவற்றுக்கு எண் போட முடியாது. பாடப்புத்தகங்களில் பக்கத்தை நிரப்பச் சிரிக்கும் சூரியனையும் கண்ணாடி போட்ட பூனையையும் போடுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

சொல்லையும் படத்தையும் தூரத்தில் வைத்தால் மனம் அவற்றைச் சேர்ப்பதிலேயே களைத்துவிடுகிறது, படத்தின் அந்தந்தப் பாகத்தின் பக்கத்திலேயே சொல்லை எழுதிவிடு என்றும் மேயர் முதலானவர்கள் சொல்கிறார்கள். இந்தக் கணக்கில் கொமேனியஸுக்கு மார்க் குறையும். அவர் சொற்கள் படத்துக்குக் கீழேதான் இருக்கின்றன. ஆனால் படத்தில் எண் மட்டும் இருப்பதால்தான் கீழே எந்த மொழியை வேண்டுமானாலும் அச்சிட முடிந்தது. 1659-லேயே சார்ல்ஸ் ஹூல் என்பவர் ஆங்கிலத்தில் கொண்டுவந்துவிட்டார். பிற்பாடு நான்கு மொழிகள் சேர்ந்த பதிப்புகளும் வந்தன. தவிர, இருதயத்தின் அறைகளைப் புரிந்துகொள்ளும் மாணவன் வேறு, அந்நிய மொழியில் சல்லடைக்குப் பெயர் தேடும் பையன் வேறு. தேடுவதே இவனுக்குப் பாடம். ஆராய்ச்சிக்காரர்களின் விதி பொதுவாகச் சரியானது என்று ஒப்புக்கொள்கிறேன். இந்தப் புத்தகத்துக்கு அதை அப்படியே பிரயோகிக்கத்தான் மனம் வரவில்லை.

நாவலுக்கு வருவோம். பிளாபேர் 1862-ல் எழுதிய ஒரு கடிதத்தில், தாம் உயிரோடு இருக்கும்வரை தம் எழுத்துக்குப் படம் போட விடமாட்டேன் என்று அடித்துச் சொன்னார். எழுத்தில் வரும் பெண் எத்தனையோ பெண்களை நினைவூட்டுவாள். எழுதிய படத்திலுள்ளவள் ஒருத்தியைத்தான் நினைவூட்டுவாள் என்பது அவர் கட்சி. மூன்று வருஷம் கழித்து, 1865-ல், லூயிஸ் கரோல் 'ஆலிஸ்' கதையை வெளியிட்டார். அதில் கிரிஃபன் என்கிற விசித்திரப் பிராணி வரும்போது, அது என்னவென்று தெரியாவிட்டால் படத்தைப் பார்த்துக்கொள் என்று வாசகனிடம் கதைக்குள்ளேயே சொல்லிவிடுகிறார். வர்ணிக்க வேண்டிய வேலையையே ஓவியர் டென்னியலிடம் தள்ளிவிட்டார்! இரண்டு பேரும் சரி என்றே எனக்குப் படுகிறது. எம்மா பொவாரியின் முகத்தை வாசகன் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். கிரிஃபனைத் தேடி அவன் எங்கே போவான்?

'பொன்னியின் செல்வன்' 1950-ல் 'கல்கி'யில் தொடங்கி வாராவாரம் வந்தபோது மணியம் படம் எழுதினார். அந்த வந்தியத்தேவன்தான் வந்தியத்தேவன் என்று சாதிக்கிற தலைமுறை ஒன்று உருவாயிற்று. முகத்தை நிலைநிறுத்தியதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு; பிளாபேரின் வக்கீலாக நின்றால் நஷ்டம் என்றுதான் நான் வாதாடுவேன். ஆனால் அத்தனை பாத்திரங்களையும் அத்தனை சதிகளையும் ஒரு வாரம் மனத்தில் சுமந்துவிட்டு மறுபடியும் கதைக்குள் நுழைகிற வாசகனை நினைத்துப் பாருங்கள். கொண்டை, அணி, வாள், கோட்டை வாசல் இவையெல்லாம் அவன் பார்த்தறியாத காலத்தைச் சேர்ந்தவை. சொல் ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டியதைப் படம் ஒரு பார்வையில் திருப்பிக் கொடுத்தது. கிரிஃபன் விஷயத்தில் செய்ததையே அது அங்கும் செய்தது. முகம் உபரி.

கொமேனியஸின் முன்னுரையில், படத்தால் முடியாதவற்றை அவரே ஒப்புக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. நிறத்தையும் சுவையையும் மையால் எழுதிக்காட்ட முடியாது, பொருளையே கொண்டுவந்து காட்டுங்கள் என்கிறார். கறுப்பு மையில் அச்சான புத்தகத்தை எழுதிய ஒருவர் இதைச் சொல்லியிருப்பது பெரிய விஷயம். அதே முன்னுரையில், குழந்தைகள் விரும்பினால் இந்தப் படங்களைப் பார்த்துத் தம் கையாலேயே எழுதிப் பழகட்டும், அதற்கு ஊக்கமும் கொடுங்கள் என்கிறார். படிக்கிறவர்கள் தாண்டிப் போய்விடுகிற யோசனை.

2016-ல் கனடாவில் வாட்டர்லூ சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். சில சொற்களைக் கொடுத்து, சிலவற்றைத் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார்கள். சிலவற்றைப் படமாகப் போடச் சொன்னார்கள். படமாகப் போட்ட சொற்களே அதிகம் ஞாபகத்தில் நின்றன. பிறர் போட்ட படத்தைப் பார்ப்பதைவிடவும் தாமே போடுவது மேலாக இருந்தது. படம் நன்றாக இருக்கிறதா, கோணலாக இருக்கிறதா என்பது முக்கியமாக இல்லை. ஒரு சொல்லுக்கு நாலு விநாடி மட்டும் கொடுத்தபோதும் அதே முடிவுதான். நாலு விநாடியில் ஒரு குழந்தை போடுகிற காக்கைக்கு மூக்கு இருக்கும், ஒரு காலும் இருக்கும். வாயைத் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால், கொமேனியஸுக்கு அது போதும்.